ஷாங்காய் ரோட்டில் கேடில்லாக், லிங்கன்: அங்கேயே செய்ததா, கப்பலில் வந்ததா, எப்படிக் கண்டுபிடிப்பது?

தெம்பனிஸ்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ் வேலையாக அடுத்த மாதம் ஷாங்காய் போகிறேன், சனி ஞாயிறு முழுக்க ஓய்வு. எனக்குக் கார் என்றால் உயிர், அதுவும் அமெரிக்கக் கார் என்றால் சாப்பாடு வேண்டாம். இங்கே சிங்கப்பூரில் கேடில்லாக், லிங்கன் எல்லாம் கண்ணில் படுவதே அபூர்வம். 2018 ஜூனில் டிரம்ப், கிம் சந்திப்புக்காக விமானத்தில் கொண்டுவந்த அந்தக் கறுப்புக் கேடில்லாக்கைப் பார்க்க ஆர்ச்சர்ட் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவன் நான். ஷாங்காயில் என்னடா என்றால் போன தடவை விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் போய்ச் சேர்வதற்குள்ளேயே கேடில்லாக் மாற்றிக் கேடில்லாக். பின்னால் 28டி என்று போட்டிருந்தது, அப்படி ஒன்றை நான் அமெரிக்கப் படங்களில் பார்த்ததில்லை. எது அங்கேயே செய்தது, எது அமெரிக்காவிலிருந்து வந்தது என்று பார்த்தவுடன் சொல்ல வழி உண்டா? எந்தப் பக்கம் போனால் நல்லது?

ஈசூன்வாசி:
நம்பர் பலகையைப் பாருங்கள். நீலம் என்றால் பெட்ரோல் கார், பச்சை என்றால் மின்சாரம் அல்லது பிளக்-இன் (பெட்ரோல் எஞ்சினோடு, செருகி மின்னேற்றும் மின்கலமும் உள்ளது). கேடில்லாக்கின் மின்சாரக் கார் லிரிக் பச்சைப் பலகையோடு ஓடும். நம் ஊரில் கார் வைத்திருக்க எடுக்கும் சிஓஇ உரிமம் மாதிரியே ஷாங்காயிலும் பெட்ரோல் காருக்கான பலகையை ஏலத்தில்தான் எடுக்க வேண்டும், 1994இலிருந்தே அப்படித்தான்.

சுஜோவில்_இருந்தவன்:
தம்பி, பலகை நிறம் எஞ்சினைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. நீங்கள் பார்க்க வேண்டியது டிக்கியின் இடது பக்கம். சீனாவில் தயாரான கார் என்றால் தயாரிப்பாளர் பெயரைச் சீன எழுத்தில் பின்னால் ஒட்டியே ஆக வேண்டும், அது அங்கே விதி. கேடில்லாக், ப்யூக் பின்னால் குரோம் பூசிய நாலு எழுத்து சின்னதாக இருக்கும், ஷாங்காயின் சாயிக்கும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் (ஜிஎம்) சேர்ந்த சாயிக்-ஜிஎம் கூட்டு நிறுவனத்தின் பெயர். இறக்குமதிக் காரில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். சிக்னலில் ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டால் அப்புறம் தூரத்திலிருந்தே பழகிவிடும்.

நீங்கள் பார்த்த 28டி எல்லாம் 2 லிட்டர் டர்போ. அங்கே ஏன் எல்லாமே 2 லிட்டர் என்றால் வரி. எஞ்சின் அளவை வைத்து நுகர்வு வரி போடுகிறார்கள்: 1.5க்கு மேல் 2 லிட்டர் வரை 5 சதவீதம்தான், 3க்கு மேல் 4 வரை 25 சதவீதம், 4ஐத் தாண்டினால் 40 சதவீதம். 6.2 லிட்டர் வி8 எஞ்சினோடு வரும் கேடில்லாக் எஸ்கலேட் இந்த 40இல் போய் விழுகிறது, அதற்கு மேல் சுங்க வரி வேறு. அதனால் ரோட்டில் எஸ்கலேட் கண்டால் அது உண்மையிலேயே பெரிய வேட்டை. லிங்கன் நேவிகேட்டர் 3.5 லிட்டர், அதுவும் இறக்குமதிதான்.

ஆனால் அங்கே செய்தது என்பதற்காக யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். புடோங் ஜின்சியாவில் கேடில்லாக்குக்கென்றே 2016இல் ஒரு தொழிற்சாலை திறந்தார்கள், அடுத்த வருடமே அமெரிக்காவைவிட சீனாவில் கேடில்லாக் அதிகம் விற்றது. சிடி6 செடானை அமெரிக்காவில் 2020இல் நிறுத்திவிட்டார்கள், ஷாங்காயில் அதற்குப் புதுத் தலைமுறையே வந்தது. லிங்கனும் அப்படித்தான், அமெரிக்காவில் செடானே விற்பதில்லை, சீனாவில் சாங்கான் ஃபோர்ட் கூட்டு நிறுவனம் செய்யும் லிங்கன் இஸட் செடான் ஓடுகிறது. பின் விளக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கோடாக எரியும், ராத்திரியில் பார்க்க அவ்வளவு அழகு. அமெரிக்கக் கார் ரசிகன் அமெரிக்காவிலேயே பார்க்க முடியாத அமெரிக்கக் கார் இது, இதை விட்டுவிட்டு எஸ்கலேட்டை மட்டும் தேடினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஜூரோங்_டீக்கடை:
அண்ணே எல்லாம் சொன்னீர்கள், ப்யூக்கை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே. மற்ற ஊரில் அது நடுத்தரம், சீனாவில் அதற்கு மதிப்பே வேறு. கடைசி மன்னர் பூயி ப்யூக் வைத்திருந்தார். சினான் சாலையில் பழைய பிரதமர் சூ என்லாய் இருந்த வீட்டைக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அங்கே ஒரு கறுப்பு ப்யூக் நிற்கிறது, நடந்தே போய்விடலாம், சின்டியாண்டி பக்கம்தான். ஜிஎம் 1990களில் உள்ளே வந்தபோது முதலில் இறக்கியதும் ப்யூக்தான், 1998 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. ஜிஎல்8 வேனை ஹோட்டல் வாசலில் பாருங்கள், முதலாளிமார் இறங்குவது அதிலிருந்துதான். நின்று பார்க்க லூஜியாசுயில் பெரிய ஹோட்டல் வாசல், இல்லை நான்ஜிங் மேற்குச் சாலை. நேரம் இருந்தால் ஆன்திங்கில் கார் அருங்காட்சியகம் இருக்கிறது, 11ஆம் தட ரயில்.

தெம்பனிஸ்காரன்:
ரொம்ப நன்றி அண்ணன்மாரே. நாலு எழுத்து விஷயம் சுத்தமாகத் தெரியாது, போன தடவை எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் இருக்கிறது! டெஸ்லாவையும் கணக்கில் சேர்க்கலாமா?

சுஜோவில்_இருந்தவன்:
சேர்க்கலாம், ஆனால் அதற்காக ஷாங்காய் வரை போக வேண்டாம். 2019 கடைசியில் ஷாங்காய் லிங்காங்கில் உற்பத்தி தொடங்கினார்கள், நம் ரோட்டில் ஓடும் மாடல் 3, மாடல் ஒய் அங்கிருந்து வலப்பக்க ஸ்டியரிங்கோடு வருபவைதான். அந்த நேரத்தையும் நேவிகேட்டருக்குக் கொடுங்கள். படம் எடுத்தால் பின்பக்கம் முழுசாக வருகிற மாதிரி எடுத்து இங்கே போடுங்கள், சந்தேகம் இருந்தால் பார்த்துச் சொல்கிறேன். பலகை எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.