லோக்கல் ரயிலும் கலங்கும் வயிறும்: குடல் மனத்தைக் கெடுக்கிறதா, மனம் குடலைக் கெடுக்கிறதா?

டோம்பிவிலிவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மும்பையை அடுத்த டோம்பிவிலியில் குடியிருந்துகொண்டு, மும்பை ஃபோர்ட் பகுதியில் உள்ள ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். எட்டு மாதங்களாகக் காலையில் கிளம்பும் நேரத்தில் வயிறு கலங்குகிறது. இரண்டு முறை போய்வந்த பிறகும் முழுவதும் போகாததுபோலவே இருக்கிறது. ஃபாஸ்ட் லோக்கலில் ஏறி, தாணேயில் கூட்டம் கதவை அடைத்துக்கொண்டு, அடுத்து நிற்பது காட்கோபரில்தான் என்று நினைத்த மாத்திரத்தில் உள்ளங்கை வியர்த்து அடிவயிறு முறுக்கத் தொடங்கிவிடுகிறது. லோக்கலில் கழிப்பறை கிடையாது. எந்த நிலையத்தில் எந்த பிளாட்பாரத்தின் எந்த முனையில் கழிப்பறை இருக்கிறது என்பது எனக்கு இப்போது மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது.

எண்டோஸ்கோபி, இரத்தம், மலம் எல்லாவற்றையும் பார்த்த மருத்துவர், “ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்), டென்ஷன்தான்” என்று சொல்லி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். இதற்கிடையில் தூக்கமும் கெட்டு, எதிலும் ஈடுபாடு இல்லாமல் போய்விட்டது. குடலைச் சரிசெய்தால் மனம் தானாகச் சரியாகும் என்று எங்கோ படித்துவிட்டு, மாதம் 1,200 ரூபாய் கொடுத்து, நல்ல கிருமிகள் அடங்கிய புரோபயாட்டிக் காப்ஸ்யூல் விழுங்குகிறேன். எதை முதலில் பார்ப்பது?

செம்பூர்ப் பெரியவர்

தம்பி, நான் மருத்துவர் அல்லன். கல்லூரியில் உடலியங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோமே, அது மேலிருந்து கீழே வரும் செய்தி. உண்மையில் கீழிருந்து மேலே போகும் செய்திதான் அதிகம். மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு, உள்ளுறுப்புகளின் நிலவரத்தை மூளைக்கு எடுத்துச் செல்பவை. குடல் சுவரிலேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன.

மனநிலையோடு தொடர்புபடுத்தப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் 90 விழுக்காடு குடலில் உருவாகிறது என்பதைக் காட்டித்தான் காப்ஸ்யூல்காரர்கள் வியாபாரம் செய்கிறார்கள். தகவல் சரியானதே. ஆனால் அந்தச் செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. குடலின் அசைவையும் அங்குள்ள நரம்புகளையும்தான் அது நேரடியாக இயக்குகிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் 2011-இல் லாக்டோபேசில்லஸ் வகைக் கிருமி ஒன்றை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளிடம் அந்தப் பலன் தெரியவில்லை. அதே கிருமியை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்ட முடிவில் போலி மாத்திரையைவிட (மருந்தே இல்லாத ஒப்பீட்டு மாத்திரை) எந்த மேன்மையும் காணப்படவில்லை. முதல் செய்தி பரவிய அளவில் பத்தில் ஒரு பங்கு கூட இரண்டாவது பரவவில்லை என்பது என் ஆதங்கம்.

உங்கள் கேள்விக்கு நேரடியான விடை ஆஸ்திரேலியாவில் 12 ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வில் இருக்கிறது. தொடக்கத்தில் பதற்றம் மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னர் வயிற்றுக் கோளாறு வரும் வாய்ப்பும், வயிறு மட்டும் கெட்டிருந்தவர்களுக்குப் பின்னர் மனநலம் பாதிக்கும் வாய்ப்பும் கூடியிருந்தன. ஆகவே எது முதலில் என்று தேடிக்கொண்டிருக்காமல் இரண்டையும் சேர்த்தே கவனியுங்கள்.

மாட்டுங்கா மாமி

அமில மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அதை ஐந்து ஆண்டுகள் கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள். பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஆரம்பித்து, பிறகு காரணமில்லாத அழுகையும் மறதியும் வந்தபோது வயதின் கோளாறு என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். இரத்தத்தில் வைட்டமின் பி12 மிகக் குறைந்திருந்தது. உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். அதை ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்தால் இப்படி நேரலாம். உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது என்றாலும் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும், ஆகையால் மருத்துவரைக் கேட்டே குறையுங்கள்.

இட்லி புளித்த மாவு ஆயிற்றே, அதில் நல்ல கிருமி இல்லையா என்று என் மருமகள் கேட்டாள். ஆவியில் வெந்ததும் அவை இறந்துவிடுகின்றன. தயிரிலும் பழையதிலும் உயிரோடு இருக்கின்றன. 1,200 ரூபாய்க்கு எத்தனை நாள் தயிர் வாங்கலாம் என்று கணக்குப் பார்ப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முலுண்ட் நண்பர்

எனக்கும் இதே நோய் ஆறு ஆண்டுகள் இருந்தது. மனநல மருத்துவர் எனக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமை இரவில் கொடுத்தார். மனச்சோர்வுக்கான பழைய மருந்து அது. இந்தச் சிறிய அளவில் குடல் நரம்புகளின் கூருணர்வைத் தணிக்கிறது. இங்கிலாந்தில் 463 ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்விலும் அது போலி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. மருந்தோடு சேர்த்து அவர் சொன்னது, மூன்று வாரம் ஸ்லோ லோக்கலில் போ, எங்கும் இறங்கலாம் என்ற தைரியம் வந்த பிறகு ஃபாஸ்ட் வண்டிக்கு மாறு என்பதுதான்.

மலத்தில் இரத்தம், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மீண்டும் குடல் மருத்துவரிடம் செல்லுங்கள். வாழ்வில் வெறுப்பு தோன்றினால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.

டோம்பிவிலிவாசி

மூவருக்கும் நன்றி. மாமி, பி12-க்கு இரத்தம் கொடுத்துவிட்டேன், வியாழக்கிழமை முடிவு வரும். இன்று அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பி ஸ்லோ வண்டியில் போனேன். முலுண்டில் ஒரு முறை முறுக்கியது. இறங்கவில்லை. பாண்டுப் வருவதற்குள் அடங்கிவிட்டது.