புதுப்பிப்பு: குழந்தைக்கான எலக்ட்ரானிக் டிரம்ஸ், கீழ்வீட்டுக்குக் கேட்கும் கிக்

மெஷ் பேட் (வலைத்துணி போர்த்திய அடிதட்டு) உள்ள டிரம் கிட் வாங்கினால் அபார்ட்மென்டில் சத்தத் தொல்லையே இருக்காது என்று முந்தைய பதிவில் எழுதியது தவறு. மெஷ் அடக்குவது குச்சி படும் சத்தத்தைத்தான். கிக் பெடலை (பாஸ் டிரம்மைக் காலால் ஒலிக்கவைக்கும் மிதி) மிதிக்கும் அதிர்வு தரைவழியே கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும்.

அதைக் குறைக்க, இரண்டு 18 மி.மீ. பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வையுங்கள். கீழ்ப்பலகையில் ஒவ்வொரு பந்துக்கும் 5 செ.மீ. விட்டத்தில் துளை போட்டால் பந்து உருளாது, தரையையும் தொடாது. கிட் முழுவதும் மேல்பலகையில் நிற்கட்டும்.

ஸ்னேர் பேடை அடிக்கும்போது, அடிக்காத டாம் பேடும் சேர்ந்து ஒலித்தால் பேட் பழுது என்று பதற வேண்டாம். முதலில் ரேக் (பேடுகளைத் தாங்கும் சட்டம்) கிளாம்ப்களை இறுக்குங்கள். அடங்காவிட்டால் மாட்யூலில் (ஒலி எழுப்பும் பெட்டி) கிராஸ்டாக் அளவை (ஒரு பேடின் அதிர்வு மற்றொன்றை ஒலிக்கவைப்பதைத் தடுக்கும் அமைப்பு) ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். மிகவும் ஏற்றினால் பிஞ்சுக் கையின் மெல்லிய அடி பதிவாகாமல் போகும்; குழந்தை ஓங்கி அடிக்கவே பழகிவிடும். குச்சி 7ஏ (மெல்லிய, லேசான அளவு) போதும்.