ரிப்பன் மைக்குக்கு 60 டிபி கெயின் போதுமா, போதாதா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் அடித்துச் சொல்கிறார்: வீட்டில் ரிப்பன் மைக் (மெல்லிய உலோகத் தகடு அதிர்ந்து ஒலியைப் பிடிக்கும் மைக்) வைத்து ரெக்கார்டிங் செய்ய வேண்டுமென்றால் முதலில் லட்ச ரூபாய்க்கு ப்ரீஆம்ப் (மைக்கின் சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் பெட்டி) வாங்க வேண்டுமாம், மைக்கைக் கணினியோடு இணைக்கும் சாதாரண இன்டர்ஃபேஸில் வரும் 60 டிபி (டெசிபல்) கெயின், அதாவது சிக்னலைப் பெரிதாக்கும் அளவு, போதவே போதாதாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிச் சொல்லிச் சொல்லியே சித்தூர், பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன்கள் ரிப்பன் மைக் பக்கமே திரும்புவதில்லை. நான் நாகஸ்வரம், தவில், செண்டை எல்லாவற்றையும் வீட்டு முன்னறையில் பேயர்டைனமிக் எம்160 என்ற ரிப்பன் மைக் வைத்துத்தான் எடுக்கிறேன். இன்டர்ஃபேஸ் ஸ்கார்லெட் 2ஐ2, மூன்றாம் தலைமுறை. அதில் இருப்பதே 56 டிபி. கெயின் குமிழை முழுக்கத் திருப்ப வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. 60 டிபி போதும்.

வாளையார் வீணை:
தம்பி, செண்டைக்குப் போதும். செண்டைக்கு மைக்கே வேண்டாம், அடுத்த ஊருக்குக் கேட்கும். எம்160 தருவது ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 1 மில்லிவோல்ட். அதாவது 94 டிபி சத்தம் வந்தால்தான் அந்த ஒரு மில்லிவோல்ட்டும் கிடைக்கும். வீணையை மூன்றடி தள்ளி மைக் வைத்து எடுங்கள், 70 வந்தாலே பெரிது. அங்கேயே 24 டிபி போய்விட்டது. அதை எங்கிருந்து கொண்டு வருவீர்கள்? 60 போதாது. 75 ஆவது வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
டீச்சர், இது டேப் காலம் இல்லை. 24 பிட்டில் பதிகிறோம். அலை சின்னதாகத் தெரிந்தால் பிறகு மென்பொருளில் தூக்கிக்கொள்ளலாம். அப்போது இரைச்சலும் சேர்ந்து ஏறும் என்பீர்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது. 150 ஓம்ஸ் மின்தடை சும்மா இருந்தாலே அறை வெப்பத்தில் மைனஸ் 131 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அளவு, கீழே போகப் போக இரைச்சல் குறைவு) இரைச்சல் தரும். அதற்குக் கீழே எந்தக் கம்பெனியாலும் போக முடியாது. ஸ்கார்லெட் தருவது மைனஸ் 128. வித்தியாசம் 3 டிபி. இந்த 3 டிபிக்கா லட்ச ரூபாய்? 60 போதும்.

பொள்ளாச்சி ஒலி:
அண்ணா, கம்பெனி போட்டிருக்கும் மைனஸ் 128 ஏ-வெயிட்டிங் கணக்குங்க, காதுக்குக் குறைவாகக் கேட்கும் தொனிகளைக் குறைத்துப் போடும் கணக்கு. நீங்கள் சொன்ன மைனஸ் 131 வெயிட்டிங் இல்லாத கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் வித்தியாசம் 5 டிபி வரும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 5 டிபிக்கு லட்ச ரூபாயா?

வாளையார் வீணை:
லட்ச ரூபாய் என்று நான் எங்கே சொன்னேன்? 60 போதாது என்றுதான் சொன்னேன். நீங்கள் செண்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியவர், உங்களுக்கு இரைச்சல் கேட்காது. வீணையில் ஒரு ஸ்வரத்தை மீட்டி விட்டுவிடுங்கள். தந்தி மெல்ல மெல்ல அடங்கும். கமகத்தின் வால் அந்த இடத்தில்தான் இருக்கிறது. சரியாக அந்த நேரத்தில் பின்னாலிருந்து 'உஸ்ஸ்' என்று மேலே வரும். பிறகு அடுத்த மீட்டலில் மறைந்துவிடும். இப்படி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஏறி இறங்கும் இரைச்சலை, ஒரேயடியாக இருக்கும் இரைச்சலைவிடப் பொறுத்துக்கொள்ள முடியாது. சிஷ்யைகளுக்கு ஆலாபனை எடுத்து அனுப்புகிறவள் சொல்கிறேன், 60 போதாது.

மார்த்தாண்டம் மக்கா:
அண்ணே, டீச்சர், ரெண்டு பேரும் வேற வேற விஷயம் பேசுகிறீர்கள். கெயின் என்பது சிக்னலை எவ்வளவு பெரிதாக்குகிறது என்பது. இரைச்சல் என்பது அந்த ப்ரீஆம்ப் தன் பங்குக்கு எவ்வளவு சேர்க்கிறது என்பது. 75 டிபி கெயின் இருந்தும் இரைச்சல் கூடிய பெட்டி உண்டு. 60ம் இல்லாமல் சுத்தமான பெட்டியும் உண்டு. எந்த வாத்தியம், எத்தனை அடி தூரம், எந்த மைக் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதன் பிறகு போதுமா போதாதா என்று பேசலாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், 60 போதும்.

வாளையார் வீணை:
அவர் அதைச் சொல்லவில்லை. நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பொள்ளாச்சி ஒலி:
கெயினை விடுங்கள், இன்புட் இம்பீடன்ஸ் (ப்ரீஆம்ப் நுழைவாயிலின் மின்மறுப்பு) பற்றி யாருமே பேசவில்லையே. ராயர் ஆர்-121 ரிப்பன் மைக் 300 ஓம்ஸ். ப்ரீஆம்ப் பக்கம் குறைந்தது 1500 வேண்டும் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. அதற்குக் கீழே போனால் சத்தம் குறையும், அடித்தொனியும் மெலியும். ரிப்பனுக்கென்றே செய்த ப்ரீஆம்ப்களில் இதைப் பல ஆயிரம் ஓம்ஸுக்கு ஏற்றி வைப்பது அதற்காகத்தான். டீச்சர் கேட்பது கெயின் இல்லைங்க, இதுதான்.

வாளையார் வீணை:
நான் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும் தம்பி. கெயின்தான் கேட்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
2ஐ2 இன்புட் 3000 ஓம்ஸ். ராயருக்கே பத்து மடங்கு. எம்160 வெறும் 200, அதற்குப் பதினைந்து மடங்கு. ஆகவே அந்தப் பேச்சும் முடிந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் அறையில் மின்விசிறி ஓடுகிறதா இல்லையா? தரை டைல்ஸ், சுவர் வெறும் சுவர். விசிறியும், வெளியே வேலந்தாவளம் போகிற லாரியும் போடும் சத்தத்துக்கு முன்னால் ப்ரீஆம்ப் இரைச்சல் எந்த மூலைக்கு? ஃபிகர் எய்ட் மைக் என்றால் முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. விசிறி அந்தப் பக்கவாட்டில் வருகிற மாதிரி மைக்கைத் திருப்பி வைத்தாலே பாதி இரைச்சல் போய்விடும். காசு செலவில்லாத வேலை. இதைச் செய்யாமல் ப்ரீஆம்ப், ப்ரீஆம்ப் என்று அழுதால்?

வாளையார் வீணை:
பதிவு செய்யும்போது விசிறியை நிறுத்திவிடுகிறேன். வியர்த்துக் கொட்டினாலும் வாசிக்கிறேன். அழவில்லை.

மார்த்தாண்டம் மக்கா:
க்ளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் மாதிரி சின்ன பூஸ்டர் ஒன்றை மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் போட்டால் 25 டிபி பக்கம் கூடுதலாகக் கிடைக்குமே. லட்ச ரூபாயும் வேண்டாம்.

வாளையார் வீணை:
அதைத்தான் நான் போட்டிருக்கிறேன். சரி, ஒரு கேள்வி. செகண்ட் ஹேண்டில் க்ளவுட்லிஃப்டர் கிடைக்குமா என்று இதே இடத்தில் கேட்டு எழுதியவர் யார்? கொழிஞ்சாம்பாறைக்காரன்தானே? 60 போதுமென்றால் அது எதற்கு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அது என் மச்சானுக்கு. அவன் ஷூர் எஸ்எம்7பி மைக் வைத்திருக்கிறான். பாட்காஸ்ட் செய்கிறவன், தொண்டையைத் திறக்காமல் பேசுகிறவன். அதை இங்கே இழுக்க வேண்டாம்.

பொள்ளாச்சி ஒலி:
எஸ்எம்7பியும் ஒரு பாஸ்கலுக்கு 1.12 மில்லிவோல்ட்தானே அண்ணா? எம்160ஐ விட 1 டிபி கூட. மச்சானுக்குப் போதாதது உங்களுக்கு எப்படிப் போதும்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மச்சான் பேசுகிறான், நான் நாகஸ்வரம் எடுக்கிறேன். நாகஸ்வரத்தை நேரில் கேட்டிருக்கிறீர்களா இல்லையா? கண்டென்சர் மைக்கில் எடுத்தால் சீவாளியின் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) கீச்சு காதைக் கிழிக்கும். ரிப்பன் அந்த மேல்தொனியை மெல்ல இறக்கிக் கொடுக்கிறது, வெண்கல அணசில் (கீழே விரிந்த வாய்ப்பகுதி) இருந்து வருகிற உருண்ட நாதம் நிற்கிறது. அதற்காகத்தான் இந்த மைக்கைத் தூக்கிப் பிடிக்கிறேன். எங்கள் பக்கத்துக் கலைஞர்கள் கையில் காசில்லை. இருக்கிற இன்டர்ஃபேஸிலேயே நன்றாக எடுக்க முடியும் என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா?

மார்த்தாண்டம் மக்கா:
ரிப்பனுக்கு ஃபாண்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட்) போனால் எரிந்துவிடும், அதனால் க்ளவுட்லிஃப்டரே ஆபத்து என்று இங்கே ஒரு சவுண்ட் செட்காரர் சொல்கிறார்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தவறு. க்ளவுட்லிஃப்டர் 48 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும், மைக்குக்கு விடாது. அது இல்லாவிட்டாலும், மைக் கேபிளின் இரண்டாவது பின்னிலும் மூன்றாவது பின்னிலும் ஒரே 48 வோல்ட், ஆளுக்கு 6.8 கிலோ ஓம்ஸ் வழியாக வருகிறது. இரண்டும் சமம் என்றால் ரிப்பன் வழியாக மின்சாரம் ஓடாது. கேபிளில் ஒரு கால் ஷார்ட் ஆகியிருந்தால்தான் ஆபத்து. எந்த சவுண்ட் செட்காரரும் தன் கேபிளைச் சோதிப்பதில்லை, பழியை மட்டும் மைக் மேல் போடுகிறார்கள். ஒருத்தருக்கு என் மைக்கை இரவல் கொடுத்தேன். ரிப்பன் தொங்கிப்போய்த் திரும்பி வந்தது. கேட்டால் மைக்கே மட்டம் என்றார். இன்றுவரை ஒரு ரூபாய் தரவில்லை.

பொள்ளாச்சி ஒலி:
அது காற்றாக இருக்கும் அண்ணா. சில மைக்ரான் தடிமன் அலுமினியத் தகடு, வாயால் ஊதினாலே இழுத்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் திறந்த ஜன்னல் ஓரம் வைத்தால் வேறு என்ன ஆகும்?

மார்த்தாண்டம் மக்கா:
பாலக்காட்டுக் காற்றெல்லாம் ஒரு காற்றா? ஆரல்வாய்மொழிக்கு வந்து பாருங்கள், மைக் ஸ்டாண்டோடு போய்விடும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கஞ்சிக்கோட்டில் ஒரு ஆடி மாதம் நின்று பார்த்துவிட்டுப் பேசு தம்பி. அது போகட்டும். பாலக்காடு மணி அய்யர் மைக்கே வேண்டாம் என்று கச்சேரி செய்த மண் இது. அவர் மிருதங்கத்துக்கு எத்தனை டிபி கெயின் தேவைப்பட்டது?

வாளையார் வீணை:
அவர் எதிர்த்தது கச்சேரி மேடையில் ஒலிபெருக்கியை. ரெக்கார்டிங்கை இல்லை. அவர் வாசித்ததை இன்றும் கேட்க முடிகிறதென்றால் யாரோ மைக் வைத்துப் பதிந்ததால்தான். பெரியவர் பெயரை உங்கள் வசதிக்கு இழுக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இழுக்கவில்லை, மரியாதையோடுதான் சொன்னேன். கெயின் 60 போதும்.

வாளையார் வீணை:
சரி, உங்கள் மைக்கையும் 2ஐ2ஐயும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். க்ளவுட்லிஃப்டர் இல்லாமல் என் வீணையை மூன்றடியில் வைத்து எடுங்கள். பதிந்ததை இங்கேயே போடலாம், எல்லோரும் கேட்கட்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வருகிறேன். ஆனால் மைக் ஒரு அடியில்தான். தூரம் பாதியானால் 6 டிபி கூடும், மூன்றடியிலிருந்து ஒரு அடிக்கு வந்தால் 9 டிபிக்கு மேல்.

வாளையார் வீணை:
ஒரு அடியில் வைத்தால் ரிப்பனில் அடித்தொனி ஊதிப்போகும், குடம் மட்டும்தான் கேட்கும். மூன்றடி.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஊதினால் கீழே கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். ஒரு அடி.

வாளையார் வீணை:
அதை வெட்டினால் வீணை இருக்காது. மூன்றடி.

மார்த்தாண்டம் மக்கா:
இரண்டடி வைத்தால் என்ன?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நீ முதலில் ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றிச் சொன்னதற்கு பதில் சொல்.