டெங்கி என்றுதான் நினைத்தோம்: சுங்கை சிப்புட் பக்கம் யார் வீட்டிலாவது இப்படி நடந்ததா?

லயத்து அக்கா:
தம்பிக்கு 31 வயது. செம்பனைக் குலை வெட்டுகிறவன். கை காலில் கன்றிப்போயிருந்தால் யார் கவனிப்பார்கள்? குலை தூக்குகிறவனுக்கு அது அன்றாடம்தானே. காய்ச்சல் வந்தது. டவுன் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். இரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணு குறைவு, டெங்கி, ஹண்ட்ரட் பிளஸ் பானம் குடி என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து லயத்தில் ஏற்கெனவே இரண்டு பேருக்கு டெங்கி. நானும் மறுபேச்சுப் பேசவில்லை.

பத்தாம் நாள் காலை குழாயடியில் பல் விளக்கினான். துப்பினால் சிவப்பு. கொப்பளித்தான், மறுபடி சிவப்பு. ஏழெட்டுத் தடவை. "வெத்தல போட்ட பாட்டி மாதிரி இருக்கேனாக்கா?" என்று சிரித்தான். பல் இடுக்கெல்லாம் இரத்தம். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஈப்போ ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிளேட்லெட் 9,000. குறைந்தது 150,000 இருக்க வேண்டுமாம். வெள்ளை அணுவோ 80,000-க்கு மேல். "வெள்ளை அணு கூடினால் நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்டேன். அத்தனையும் முதிராத அணு, எலும்பு மஜ்ஜையை அடைத்துக்கொண்டு நல்ல அணுக்களை உண்டாக விடாது என்றார். எனக்கு ஏறவில்லை. தம்பிதான் சொன்னான்: "பழுக்காத குலையா வெட்டி லாரி நிறைய அனுப்பினா மில்லுல எண்ணெய் வருமா? அதான்கா." அக்யூட் மைலாய்டு லுகேமியா, வேகமாக முற்றுகிற இரத்தப் புற்றுநோய்.

பழைய பால்மரம்:
எங்கள் அம்மாவுக்கு வேறு வகை இரத்தப் புற்றுநோய், மைலோமா. முதுகு வலி இரண்டு வருடம். முப்பது வருடம் பால் வெட்டியவருக்கு இடுப்பு வலிக்காமல் இருக்குமா என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். வலிக்கு ஊசி, மாத்திரை, தைலம். ஒருநாள் கைலியைப் பிழிந்தார், 'டக்' என்று ஒரு சத்தம். வாசலில் நின்ற எனக்கே கேட்டது. விலா எலும்பு. துணி பிழிந்ததற்கு எலும்பு முறியுமா?

எக்ஸ்ரேயில் மண்டையோட்டில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. நோய் எதிர்ப்புப் புரதம் செய்கிற பிளாஸ்மா அணுதான் கெட்டுப்போய்ப் பெருகி எலும்பை அரிக்கிறதாம். எலும்புச் சுண்ணாம்பு இரத்தத்தில் கலந்து தாகம், மலச்சிக்கல். அந்தப் புரதம் சிறுநீரகத்தையும் அடைத்துவிட்டது. நாங்கள் வாங்கிக் கொடுத்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை இன்னும் கெடுத்தன என்று டாக்டர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ரத்தினம் மோட்டார் கடை:
என் மச்சானுக்கும் வந்தது, அதை விடுங்கள். எல்லாம் தோட்டத்து விஷம்தான். மருந்து அடித்தவர்களுக்கு முகமூடி கொடுத்தார்களா? பாராகுவாட் களைக்கொல்லியை 2020-இல்தானே தடை செய்தார்கள். அக்கா, நீங்கள் பப்பாளி இலைச் சாறு கொடுத்தீர்களா இல்லையா? அதைச் சொல்லவே இல்லை. கொடுத்திருந்தால் பிளேட்லெட் ஏறியிருக்கும். கொழுந்து இலை கூடாது, முற்றின இலையாகப் பறித்து, நரம்பை எடுத்துவிட்டு, இடித்து, துணியில் வடிகட்டி, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி. தேன் சேர்க்கலாம். சீனி கூடவே கூடாது. அப்புறம் கோழி, முட்டை நிறுத்துங்கள். சின்சே, சீன நாட்டு வைத்தியர், ஒருவரும் இருக்கிறார், நம்பர் வேண்டுமென்றால் கேளுங்கள்.

தினம் ஒரு மாத்திரை:
ரத்தினம் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். டெங்கியில் காய்ச்சல் விட்ட சில நாளில் பிளேட்லெட் தானாகவே ஏறும். சாறு குடித்தவர், குடிக்காதவர் இருவருக்கும். லுகேமியாவில் மஜ்ஜையே அடைபட்டுக் கிடக்கிறது, எங்கிருந்து ஏறும்? கீமோவில் இருக்கிறவனுக்குக் கோழி, முட்டையை நிறுத்தினால் உடம்பில் என்ன மிஞ்சும்? நன்றாக வேகவைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். விஷம் பற்றிச் சொன்னதை முழுக்கத் தள்ளமாட்டேன், ஆனால் யாருக்கு எதனால் வந்தது என்று ஆளைக் காட்டிச் சொல்ல முடியாது. நான் தோட்ட ஆபீசில் கிராணி. மருந்து டின்னைத் தொட்டதே இல்லை.

எனக்கு வந்தது லுகேமியாவில் மெதுவான வகை, சி.எம்.எல். (குரோனிக் மைலாய்டு லுகேமியா). அரைத் தட்டு நாசி லெமாக்கிலேயே வயிறு நிறைந்துவிடும். இடப்பக்கம் விலாவுக்குக் கீழே கல் வைத்தமாதிரி கனம். கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். வீங்கியது மண்ணீரல். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொண்டதால் வருகிற கோளாறு. அதற்கென்றே செய்த இமாட்டினிப் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆறு வருடமாக விழுங்குகிறேன். மாத்திரை போட்ட காலையில் குமட்டும், சோற்றோடு போட்டால் பரவாயில்லை.

அக்கா, தம்பிக்கு இரத்தம் கொடுக்க ஆள் சேருங்கள். பிளேட்லெட் பையை ஐந்தாறு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஒரே நாளில் கோயில் மண்டபம் நிறையக் கூட்டாதீர்கள், வாரம் நாலைந்து பேராக அனுப்புங்கள்.

லயத்து அக்கா:
சரி, பட்டியல் போட்டுவிடுகிறேன். ரத்தினம் அண்ணே, சாறு கொடுத்தேன். ஒன்பது நாள் கொடுத்தேன், அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். கோபத்தில் அந்தப் பப்பாளி மரத்தை வெட்டிவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். தம்பி விடவில்லை. மூன்றாவது கீமோ முடிந்து வரும்போது காய் பழுத்திருக்குமாம்.