புதுப்பிப்பு: பனங்காட்டில எடுத்த அந்தப் பச்சை வில்லை

போன கிழமை மருமகனோட வல்லிபுரப் பக்கம் பனங்காட்டுக்குள்ள புதையல் தேடப்போய், களிம்பேறின சின்ன வில்லை ஒண்டு எடுத்து, என்னவெண்டு உங்களிட்டக் கேட்டனான். சட்டைப் பொத்தான் எண்டுதான் கனபேர் சொன்னியள்.

அது சேதுக் காசு! 1619இல போர்த்துக்கேயர் பிடிக்கமுதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின்ர செப்புக் காசு. டோர்ச்சைச் சரிச்சுப் பிடிக்க நந்தி தெரிஞ்சுது, கீழ தமிழில 'சேது'. முதலெழுத்து பாதி தேஞ்சிட்டுது, 'து' அப்பிடியே கிடக்கு. வாசிக்கேக்க கை நடுங்கினது.

புளி போட்டுத் தேய்க்கச் சொன்ன அண்ணை, குறை நினையாதேங்கோ, தேய்ச்சால் எழுத்தும் போயிடும். இப்பிடிக் கண்டெடுத்த தொல்பொருளை நாங்களே வைச்சிருக்கக்கூடாது, 1940ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கு. திங்கள் தொல்லியல் திணைக்களத்தில குடுக்கிறம். மருமகன் இப்பவே அழுகிறான்.