புதுப்பிப்பு: மகனின் இருமலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டியான சளி சேரும் பிறவி நோய்) உள்ள என் 13 வயது மகனுக்கு இரண்டு வாரம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றியும் இளைப்பு அடங்கவில்லை, சளியில் பழுப்புக் கட்டிகள் வருகின்றன என்று போன மாதம் எழுதியிருந்தேன். மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையில் இரத்தத்தில் உயரும் எதிர்ப்புப் புரதம்) பார்க்கச் சொன்ன அக்காவுக்குக் கோடி நன்றி.

1,840 வந்தது. 2003 வழிகாட்டுதலில் 1,000-ஐத் தாண்டினால் பலமான சந்தேகம். 500-ஐத் தாண்டினாலே விழித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த எண் மட்டும் போதாது. அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கான ஐஜிஇ-யும் உயர்ந்திருந்தது. சளியில் பூஞ்சை வளர்வதை வைத்து முடிவுகட்ட முடியாதாம். இந்தப் பிள்ளைகள் பலருக்கு அது சும்மாவே தங்கியிருக்கும். மூச்சுக்குழாய் விரிவும் அடிப்படை நோயிலேயே உண்டு, அதை வைத்தும் சொல்ல முடியாது. சிடி ஸ்கேனில் அடைத்திருந்த சளி தசையைவிட வெண்மையாகத் தெரிந்த பிறகுதான் மருத்துவர் ஏபிபிஏ (அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையால் நுரையீரலில் வரும் ஒவ்வாமை நோய்) என்று உறுதியாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில்.

ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தொடங்கி மூன்று வாரம். இரவில் தூங்குகிறான். இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்தைச் சேர்ப்பதாக இருந்தால், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான ஐவாகாஃப்டர் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஐவாகாஃப்டரின் அளவைக் குறைக்க வேண்டும். மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எட்டாவது வாரம் ஐஜிஇ மறுபடி பார்க்கிறோம். வந்ததும் எழுதுகிறேன்.