கறிவேப்பிலையில் பட்டாம்பூச்சிப் புழு, சாயங்காலம் பதினொன்று, காலையில் இரண்டு: உங்கள் வீட்டில் எப்படி?

புளியரைக்காரி:
கேள்வி ஒன்றும் இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் மனசு ஆறும் என்றுதான் எழுதுகிறேன். கொல்லைக் கறிவேப்பிலையில் வழக்கம்போலப் பட்டாம்பூச்சிப் புழு. பறவை எச்சம் மாதிரி இருக்கிற கட்டம் தாண்டி எல்லாம் பச்சையாகிவிட்டன. சனிக்கிழமை சாயங்காலம் எண்ணினேன், பதினொன்று. ஞாயிறு விடிந்து போய்ப் பார்த்தால் இரண்டு. தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து போயிருக்கும், சரி, அது தெரிந்த கதை.

அந்த இரண்டில் ஒன்றைப் பார்த்தபடி காபி டம்ளரோடு நின்றிருந்தேன். ஒரு செங்குளவி வந்து அதே இலையில் உட்கார்ந்தது. புழு தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பு இரண்டையும் நீட்டியது. எலுமிச்சைத் தோல் அழுகின வாடை நான் நின்ற இடம்வரை வந்தது. குளவி சட்டையே செய்யவில்லை. கழுத்துப் பக்கம் கடித்தது. தோலை விலக்கி, உள்ளே இருந்ததை வாயாலும் முன்னங்காலாலும் உருட்ட ஆரம்பித்தது, சப்பாத்திக்கு மாவு உருட்டுகிற அதே நிதானத்தில். பட்டாணி அளவுக்குப் பச்சை உருண்டை. அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் மிச்சத்துக்குத் திரும்பி வந்தது.

கையில் டம்ளர் இருந்தது, காலில் செருப்பு இருந்தது. ஏன் விரட்டாமல் நின்றேன் என்று இன்றுவரை புரியவில்லை.

ரப்பர்காடு, மார்த்தாண்டம்:
அக்கா, உங்களுக்காவது குளவி கண்ணுக்குத் தெரிகிற அளவில் வந்தது. என் கதை வேறு. எலுமிச்சையிலிருந்து எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்த்தேன். வாய்க்கு வலைத்துணி கட்டி, தினம் புது இலை, எல்லாம் முறையாக. கூடு கட்டுகிற நாள் மட்டும் துணியை எடுத்துவிட்டு ஜன்னல் ஓரம் வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். தோலை உரித்துத் தள்ளி, இடுப்பில் நூல் கட்டித் தொங்குகிற அழகு உங்களுக்குத் தெரியும்.

பத்து நாள் ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. கூடு கறுக்க வேண்டிய மாதிரி கறுக்கவில்லை, பழுப்பாகிக் காய்ந்தது. ஒரு காலையில் பார்த்தால் பாட்டில் முழுக்கக் கொசு. கொசு இல்லை, எள்ளு அளவில் பச்சையாக மினுங்கும் குட்டிக் குளவிகள். ஐம்பது அறுபதாவது இருக்கும். கூட்டின் பக்கவாட்டில் ஊசி குத்தினதுபோல் வட்டமாக ஒரு ஓட்டை.

பாட்டிக்கு ஒரே சந்தோஷம். "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்னு சொன்னா சிரிச்சியே, இப்ப பாரு!" தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். புழு குளவியாகவில்லை பாட்டி, புழுவைத் தின்று குளவி வந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதானே என்றாள்.

என்னை உறுத்துவது அது இல்லை. அந்தக் குளவி கூடு கெட்டியாகிற வரைக்கும் காத்திருக்காது. புழு தோலுரிக்கப் போகிற சமயத்திலேயே பக்கத்தில் வந்து காவல் இருந்து, கூடு இளசாக இருக்கிற முதல் சில மணி நேரத்தில் முட்டை இடும். பிற்பாடு என் போனில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலாவது படத்தில் புழு முதுகில் ஒரு புள்ளி. ஐந்தாவதில் அந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறது. 'குட்டி நண்பர்' என்று எழுதி ஸ்டேட்டஸ் வேறு வைத்திருந்தேன்.

கணக்கு வாத்தியார், கோபாலபுரம்:
இரண்டு பேரும் செய்த தவறு ஒன்றே. புழுவாக எடுத்தால் பாதி ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும். முட்டையாக எடுக்க வேண்டும். கறிவேப்பிலையின் கொழுந்து இலையில் மஞ்சளாகக் கடுகு மாதிரி ஒட்டியிருக்கும். இலையோடு கிள்ளி டப்பாவில் போடுங்கள். முட்டைக்குள்ளேயே முட்டை இடுகிற குளவியும் உண்டு, அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மற்றபடி தப்பிக்கும்.

டப்பாவின் அடியில் டிஷ்யூ தாள். தினமும் புழுக்கை தட்ட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை. இலையில் ஈரம் நிற்கக் கூடாது. புழுவைக் கையால் பிய்க்காதீர்கள், தோலுரிக்கப் போகிற புழு அசையாமல் கிடக்கும், செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடவே போடாதீர்கள். மருந்து அடித்த இலை, இரண்டு மணி நேரத்தில் பச்சையாகக் கக்கிச் சாகும். நர்சரியிலிருந்து புதிதாக வந்த செடியையும் குறைந்தது ஒரு மாதம், புதுத் துளிர் வரும்வரை நம்ப வேண்டாம். எறும்புக்கு, அந்தக் காலத்தில் அடுக்களை அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதே வைத்தியம். தொட்டிச் செடிக்குக் கொசுவலையால் தைத்த உறை போடலாம், அடியைச் செங்கல்லால் அழுத்துங்கள், பல்லி அங்கேதான் நுழையும். பழைய வலையே போதும், கிழிசலை மட்டும் தைத்துவிடுங்கள்.

என் அனுபவம் என்று கேட்டால் ஒன்றுதான். முதன்முதலில் வளர்த்ததை ஊறுகாய் டப்பாவில் வைத்திருந்தேன். உயரம் நாலு விரல்கூட இல்லை. வெளியே வந்த பூச்சிக்கு இறக்கையைத் தொங்கவிட இடம் இல்லாமல் போயிற்று. நான் எழுந்து பார்க்கும்போது மணி எட்டு. இறக்கை மடித்த காகிதம் மாதிரி காய்ந்துவிட்டது. அப்புறம் நிமிரவே இல்லை. சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சில் நாலு நாள் உறிஞ்சியது. பேத்திக்கு 'ரெஸ்ட் எடுக்கிறது' என்று சொல்லி வைத்தேன்.

கொழிஞ்சாம்பாறை ஆள்:
வாத்தியார் ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம், இது பட்டாம்பூச்சித் தோட்டமா, ஆஸ்பத்திரி வார்டா? எல்லாவற்றுக்கும் வலை கட்டினால் பூவுக்கு வரப்போவது யார்? என் வீட்டுக் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் தையல்சிட்டு இலை தைத்துக் குஞ்சு பொரித்தது. அது ஊட்டியது எல்லாம் நான் எண்ணி வைத்திருந்த புழுக்கள்தான். அந்த வருஷமும் கறிவேப்பிலை அழகி, அதான் இந்தப் புழுவின் பட்டாம்பூச்சி, பறந்தது. செடியை மூன்றாக்கினேன், அவ்வளவுதான். ஒரு செடிக்குக் காவல் இருப்பதைவிட மூன்று செடி நடுவது சுலபம்.

இன்னொன்று. எறும்பு என்றாலே எதிரி இல்லை. முசுறு, எங்கள் பக்கம் மலையாளத்தில் நீறு என்பார்கள், அது சாதாரணப் புழுவை விட்டுவைக்காது, உண்மை. ஆனால் நீலச் சிறகுக்காரக் குட்டிப் பட்டாம்பூச்சிகளில் சிலவற்றின் புழுவை அதே முசுறு காவல் காக்கும். புழு முதுகிலிருந்து ஒரு இனிப்பு நீர் விடும், அதற்குத்தான் அந்தக் காவல். மருத மரத்தில் முசுறுக் கூட்டம் ஒரு புழுவைச் சுற்றி நின்றால் மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் கொஞ்சம் நின்று பாருங்கள். வேப்பெண்ணெய் அடிக்கச் சொல்லி வேறு ஒரு இடத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். பட்டாம்பூச்சிக்காக வேப்பெண்ணெய் அடிப்பவரை என்னவென்று சொல்வது!

சரி, என் கதை. கிலுகிலுப்பைச் செடியைக் காய்ந்த பிறகும் பிடுங்காமல் விட்டிருந்தேன். அந்தக் காய்ந்த தண்டில் ஒரு சரக்கு இருக்கிறது, அதற்காக வெந்தய வரியன், நீலவரியன் பட்டாம்பூச்சிகள், அதிலும் ஆண்தான் அதிகம், வந்து மொய்க்கும். பூவே இல்லாத குச்சியில் முப்பது நாற்பது தொங்குவதைப் பார்த்தால் யாருக்கும் ஆச்சரியமாக இருக்கும். எருக்கம்பால் குடித்து வளர்ந்த வர்க்கம், குருவி தொடாது, எனக்கு நிம்மதி. குருவி தொடவும் இல்லை.

ஒரு மத்தியானம் செடிக்கு அடியில் ஆரஞ்சு இறக்கைகள் கிடந்தன. மிட்டாய்க் காகிதம் மாதிரி, நாலு நாலாக. அண்ணாந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு குச்சி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. கும்பிடுபூச்சி. அதன் கையில் பாதி வரியன், இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. நான் இருக்கும்போதே ஒரு இறக்கை சுற்றிச் சுற்றி விழுந்து என் தோளில் பட்டது. அப்படியே நின்றேன். அதனால் புளியரைக்காரியைக் கேலி செய்ய எனக்குத் தகுதி கிடையாது.

புளியரைக்காரி:
வாத்தியார் சார், நன்றி. ஆனால் நான் டப்பாவில் வளர்ப்பது பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டாவது புழுவும் போய்விட்டது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அதைத் தின்றது யார் என்று நான் பார்க்கவில்லை, அதுவரை நல்லது.

ஏலத்தோட்டம்:
குமுளிக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம். நீங்கள் எல்லாரும் குளவி, குருவி, கும்பிடுபூச்சி என்று எழுதுவதைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது.

லைன் வீட்டுக்குப் பின்னால் வேலியில் ஈஸ்வரமூலிக் கொடி தானாக வந்தது. பாம்புக்கடிக்கு நல்லது என்று அப்பா வெட்டாமல் விட்டிருந்தார். கருட சலபம் என்று மலையாளத்தில் சொல்வார்களே, நாம் பொன்னழகி என்கிறோம், இந்தியாவிலேயே பெரிய பட்டாம்பூச்சி, அது வந்து முட்டை வைத்தது. பறக்கும்போது நிழல் தரையில் விழும், நான் முதலில் நிழலைப் பார்த்துத்தான் அண்ணாந்தேன். புழுக்கள் தடித்த கறுஞ்சிவப்பு, முதுகெல்லாம் முள் மாதிரி சதை, நடுவில் வெள்ளைப் பட்டை. கோழி ஒன்றைக் கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பியது. அந்தக் கொடியின் நஞ்சு அப்படி. அதனால் இவற்றுக்குக் கவலை இல்லை என்று நினைத்தேன்.

ஏலத்துக்கு மருந்து அடிக்கிற நாள். எங்கள் வேலிக்கு அடிக்கவில்லை, மேல் சரிவில்தான் அடித்தார்கள். காற்று கீழே வந்தது. மறுநாள் ஐந்து புழுவும் பின்னங்காலால் மட்டும் தண்டைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. வாயிலிருந்து பச்சை நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தொட்டேன், அசைந்தது. அன்று மருந்துக் குழாயைப் பிடித்து இழுத்த ஆட்களில் என் தம்பியும் ஒருவன். அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்ய, அவன் கையும்தான் அன்று ராத்திரி எரிந்தது.

கொழிஞ்சாம்பாறை ஆள்:
படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் ஒரு திருத்தம். இந்தியாவிலேயே பெரியது என்பது பழைய கணக்கு. நம் கருட சலபத்தின் இறக்கை விரித்த அளவாக 190 மில்லிமீட்டர் என்று 1932 முதல் சொல்லி வந்தார்கள். 2020-இல் இமயமலைப் பக்கம் அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு வகை, பெண் பூச்சி, 194 என்று அளந்துவிட்டார்கள். நாலு மில்லிமீட்டரில் தோற்றுவிட்டோம்.

ஏலத்தோட்டம்:
தோற்கட்டும்.

செங்கோட்டை எக்ஸெல்:
ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதியதில்லை. எனக்குத் தோட்டம் கிடையாது. வாசலில் ஒரு நார்த்தங்கன்று, அதன் பக்கத்தில் என் டிவிஎஸ் எக்ஸெல் நிற்கும். தினமும் விடியற்காலையில் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு புளியரை, கோட்டைவாசல் வழியாக மலை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவுக்குப் போய்ப் போட்டுவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவேன்.

புழு கூடு கட்ட அதே செடியில் இருக்காது, இறங்கி எங்காவது நடந்துபோகும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஒருநாள் ஆரியங்காவில் மூட்டை இறக்கும்போது பின் மட்கார்டின் உள்பக்கம் பச்சையாக என்னவோ ஒட்டியிருந்தது. சாணி என்று நினைத்துக் குச்சியால் தட்டப் போனேன். இடுப்பில் நூல். ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. அதற்குள் எத்தனை தடவை மலை ஏறி இறங்கியிருக்குமோ.

எடுத்தால் நூல் அறுந்துவிடும் என்று விட்டுவிட்டேன். வண்டியைக் கழுவவில்லை. சாரல் நேரம், சக்கரம் சேற்றை வாரி அடித்தது, அதனால் மேலே ஒரு பிளாஸ்டிக் காகிதத்தைக் கூரை மாதிரி கட்டினேன். செக்போஸ்ட்டில் ஒருவர் கூரையைப் பார்த்து உள்ளே என்னடா என்றார். பூம்பாற்ற சார் என்றேன், மலையாளத்தில் பட்டாம்பூச்சி. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு என் வண்டி வந்தால் மூட்டையைப் பார்க்கமாட்டார், மட்கார்டைத்தான் பார்ப்பார்.

ஏழாவது நாள் கூடு கறுத்தது. உள்ளே மஞ்சள் புள்ளி தெரிந்தது. மறுநாள் லோடு போகாமல் இருந்திருக்க வேண்டும், போனேன். ஆரியங்காவில் இறங்கிப் பார்த்தால் வெறும் கூடு. கிளம்பும்போது இருட்டு, சரியாகப் பார்க்கவில்லை. வீட்டு வாசலிலேயே வெளியே வந்ததா, மலையில் வந்ததா, டயரில் விழுந்ததா தெரியாது.

தலைப்பக்கம் பிளந்திருந்தால் பட்டாம்பூச்சி, பக்கவாட்டில் வட்ட ஓட்டை இருந்தால் குளவி என்று மார்த்தாண்டத்துத் தம்பி கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது. உடனே எழுந்துபோய் மட்கார்டைப் பார்த்தேன். கூட்டின் அடிப்பாதி நூலோடு இன்னும் ஒட்டியிருக்கிறது. மேல்பாதி உரசிப் போய்விட்டது.